போருக்குப் பின் கட்டுவோரும் கட்டளையிடுவோரும்: மொசாம்பிக் பற்றிய ஒரு நூலை மீண்டும் படித்து

ஒரு நாடு போரினால் பாழாகி, பின்பு சமாதானம் அடைந்து, அயலார் தரும் பொருளைக்கொண்டு தன்னை மீண்டும் கட்டியெழுப்ப முற்படும்போது, அப்பொருளின் அளவைப் பற்றியே நம் திருச்சபைகளில் பேச்சு எழுகிறது. எத்தனை கோடி வாக்களிக்கப்பட்டது, எத்தனை கோடி வந்து சேர்ந்தது, இடையில் எவ்வளவு மறைந்தது என்னும் மூன்று கேள்விகளோடு நம் விசாரணை முடிந்துவிடுகிறது. வந்து சேர்ந்த பணத்தைச் செலவிட உத்தரவு கொடுப்பவர் யார் என்னும் நான்காம் கேள்வியை நாம் கேட்பதில்லை. அக்கேள்விக்கென்றே எழுதப்பட்ட ஒரு நூல் உண்டு. ஜோசப் ஹன்லன் என்பார் 1996-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘பீஸ் வித்தவுட் ப்ராஃபிட்’ என்பது அது. ‘ஆதாயமில்லாச் சமாதானம்’ என்று தமிழிற் கூறலாம். மொசாம்பிக் நாட்டின் மறுகட்டுமானத்தைச் சர்வதேச நாணய நிதியம் எவ்வாறு தடைசெய்கிறது என்பதே அதன் பொருள் என்பதை நூலின் துணைத்தலைப்பே அறிவித்துவிடுகிறது. நம் நூலகத்தில் அதன் படி ஒன்று இருக்கிறது. பின்னட்டையில் ஒட்டிய சீட்டைப் பார்த்தால் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதை எவரும் எடுத்துச் சென்றதாகத் தெரியவில்லை. உக்ரைனையும் காசாவையும் மீண்டும் கட்டுவதற்கான தொகைகள் நாளேடுகளில் எண்ணப்படும் இந்நாள்களில் அந்நூலைத் தூசி தட்டி எடுத்துப் படிப்பது பயனுள்ளது எனக் கருதினோம். படித்தபோது நூலாசிரியரோடு சில இடங்களில் முரண்படவும், ஓரிடத்தில் நம்மை நாமே நொந்துகொள்ளவும் நேர்ந்தது.

மொசாம்பிக்கின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லி மேற்செல்வோம். போர்த்துக்கீசியரின் ஆட்சியிலிருந்து 1975 ஜூன் 25-இல் அந்நாடு விடுதலை பெற்றது. பிரெலிமோ இயக்கத்தின் தலைவரான சமோரா மஷேல் முதல் குடியரசுத் தலைவரானார். அண்டை நாடான ரொடீசியாவின் வெள்ளையர் அரசு, பிரெலிமோவுக்கு எதிராக ரெனமோ என்னும் படையை உருவாக்கியது. 1980-இல் ரொடீசியா சிம்பாப்வே ஆனபின், தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு அப்படையைத் தன் பராமரிப்பில் எடுத்துக்கொண்டது. பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் சிற்றூர்க் கடைகளும் குறிவைத்து எரிக்கப்பட்டன. போரினாலும் அதனோடு வந்த பஞ்சத்தினாலும் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பீடு. 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மலாவி முதலிய அயல்நாடுகளில் அகதிகளாயினர். 1992 அக்டோபர் 4-இல் ரோமாபுரியில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதற்கு வழி திறந்தவர்களில் ஆங்கிலிக்கன் பேராயர் டினிஸ் செங்குலானேயும், பெய்ரா நகரக் கத்தோலிக்கப் பேராயர் ஜைமே கொன்சால்வெசும், சான்ட் எஜிடியோ என்னும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் சமூகமும் இருந்தனர் என்பதைத் திருச்சபை வரலாறு கற்பிக்கும் நம் ஆசிரியர்கள் மறவாது சொல்ல வேண்டும். அவ்வாண்டுகளில் உலக வங்கியின் பட்டியலில் உலகிலேயே மிக வறிய நாடாக நின்றது மொசாம்பிக்.

இந்நிலையில் கொடையாளர் வந்தனர், பணமும் வந்தது. ஐக்கிய நாடுகள் அவையின் சமாதானப் படையணிக்கு மட்டும் ஏறத்தாழ 50 கோடி டாலர் செலவாயிற்று. எனினும் நூலாசிரியர் தம் வாதத்தைத் தொடங்குவது பணப் பற்றாக்குறையிலிருந்து அன்று. பணம் கையில் இருந்தும் அதைச் செலவிட அனுமதி இல்லாதிருந்த விந்தையிலிருந்து தொடங்குகிறார். 1984-இல் மொசாம்பிக் நாணய நிதியத்தில் உறுப்பு நாடாயிற்று. 1987 முதல் அதன் பொருளாதாரச் சீரமைப்புத் திட்டத்தை ஏற்று நடத்தியது. அத்திட்டத்தின்படி அரசு எவ்வளவு செலவிடலாம், வங்கிகள் எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பவற்றுக்கு உச்சவரம்புகள் விதிக்கப்பட்டன. மறுகட்டுமானத்திற்கென வரும் அயல்நாட்டுப் பணமும் நாட்டுக்குள் செலவாகும்போது விலைவாசியை ஏற்றும் என்பது நிதியத்தாரின் கணிப்பு. ஆகவே சாலை போடவும் பள்ளி கட்டவும் கொடையாளர் கொடுக்க ஆயத்தமாயிருந்த பணமும் வரம்புக்குள் அடங்கவேண்டியதாயிற்று. வீடு எரிந்தவனுக்கு அயலார் ஓலையும் மூங்கிலும் கொண்டுவந்து முற்றத்தில் குவிக்க, ஊர்க் கணக்கர் வந்து ‘இவ்வாண்டு ஒரு சுவர் மட்டும் எழுப்பு, மேற்கொண்டு எழுப்பினால் ஊரில் கூலி ஏறிவிடும்’ என்றால் எப்படியிருக்கும்? நூலாசிரியர் காட்டும் மொசாம்பிக் அப்படித்தான் இருந்தது.

இக்கூற்று ஒரு தனி எழுத்தாளரின் மனத்தாங்கலாக மட்டும் இருந்திருந்தால் நாம் இத்துணை பொருட்படுத்தியிரோம். 1995-இல் நடந்த ஒன்று அதற்குச் சான்றாகிறது. அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் உள்ளிட்ட கொடையாளர் சிலரின் பிரதிநிதிகளே ஒன்றுகூடி, நிதியத்தின் இறுக்கம் மறுகட்டுமானத்தைக் கெடுக்கிறது என்னும் கருத்துப்படக் கடிதம் எழுதினர். நிதியத்தின் பெரும் பங்குதாரர்கள் அந்நாடுகளே அன்றோ! வாஷிங்டனில் அமர்ந்து தாங்களே வாக்களித்து நடத்தும் நிறுவனத்தை, மப்புட்டோவில் வாழும் தங்கள் பிரதிநிதிகளைக் கொண்டு கண்டிக்கும் நிலைக்கு அவர்கள் வந்தனர். எரிந்துபோன பாலத்தை நாள்தோறும் கண்ணால் கண்டவர் ஒன்று சொன்னார்; அட்டவணையை மட்டும் கண்டவர் வேறொன்று சொன்னார். நூலின் மிக வலிய பகுதி இதுவே.

நிதியத்தாருக்கும் உரிய நியாயத்தைக் கொடுத்தாக வேண்டும். 1995-இல் மொசாம்பிக்கில் பணவீக்கம் 50 விழுக்காட்டுக்கு மேலிருந்தது. 1997-இல் அது பத்து விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிற்று. விலையேற்றம் ஏழையையே முதலில் தாக்கும் என்பது உண்மை. சந்தையில் சோளமாவு வாங்கும் விதவைக்கு அதை எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அரசின் அளவீடுகளின்படி வறுமைக்கோட்டுக்குக் கீழ் வாழ்ந்தோர் 1996-97-இல் 69 விழுக்காடாகவும் 2002-03-இல் 54 விழுக்காடாகவும் இருந்தனர். ஹன்லன் அஞ்சிய அளவுக்கு நாடு முடங்கிவிடவில்லை. தம் எதிரியை ஒரே நிறத்தில் தீட்டும் பழக்கம் அவர் எழுத்தில் உண்டு. எனினும் விலைவாசி அடங்கியதாலேயே அவர் கேள்வி அடங்கிவிடுவதில்லை. பணவீக்கத்தைத் தணிப்பதா, பாலத்தைக் கட்டுவதா, இரண்டையும் எவ்வளவு எவ்வளவாகச் செய்வது என்பது கடினமான தீர்ப்பு. அத்தீர்ப்பை, 1994 அக்டோபரில் முதன்முறையாக வாக்களித்த ஒரு ஜனம் தன் பிரதிநிதிகள் மூலம் செய்திருக்க வேண்டுமா, அல்லது அந்த ஜனத்துக்கு எவ்விதத்திலும் பதில் சொல்லக் கடமைப்படாத அலுவலர் செய்திருக்க வேண்டுமா என்பதே வழக்கு.

நூல் போதிய இடம் தராத ஒன்றையும் இங்கே குறிக்கிறோம். கொடையாளரின் பணம் நேரே எளியோர் கைக்குப் போனபோது அது நன்றாகவே வேலை செய்தது. படை கலைக்கப்பட்டபோது இருதரப்பிலும் ஏறத்தாழ 90,000 வீரர்கள் ஆயுதம் கீழே வைத்து வீடு திரும்பினர். அவர்களுக்கு முதல் ஆறு மாதம் அரசும், அதன்பின் பதினெட்டு மாதம் கொடையாளரும் உதவித்தொகை தந்தனர். வங்கிக் கிளைகளில் சிறு காசோலையாக அது மாதந்தோறும் கொடுக்கப்பட்டது. இன்ன பயிர் செய், இன்ன தொழில் கற்றுக்கொள், குழுவாகச் சேர், அறிக்கை எழுது என்று எவரும் அவ்வீரரைத் துரத்தவில்லை. அவர் விதை வாங்கினார், பெண் கேட்டார், கூரை வேய்ந்தார். சிலர் குடித்தும் இருப்பர். பொதுவில் சமாதானம் நின்றது. ரெனமோவை அரசியல் கட்சியாக மாற்றுவதற்கென ஐக்கிய நாடுகள் அவை ஒரு கோடி டாலருக்கு மேல் நிதி ஏற்படுத்திச் செலவிட்டது. கொலைசெய்தோர் தலைமைக்குப் பணமா என்று அறநெறியாளர் முகஞ்சுளிக்கலாம்; நாமும் சுளித்தோம். ஆயினும் துப்பாக்கியைவிடத் தேர்தல் இலாபகரமானது என்று ஒரு படைத்தலைவனுக்குக் காட்டிய அச்செலவு வீண் என்று சொல்ல நமக்கு நாவெழவில்லை.

திருச்சபையின் பங்கும் இதில் உண்டு. 1995-இல் மொசாம்பிக் கிறிஸ்தவ மன்றம், பேராயர் செங்குலானேயின் தூண்டுதலால், ஆயுதங்களை மண்வெட்டிகளாக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. ஏசாயா இரண்டாம் அதிகாரத்துத் தரிசனத்தை அவர்கள் எழுத்தின்படியே எடுத்துக்கொண்டனர். ஒளித்துவைத்த துப்பாக்கியைக் கொண்டுவருவோருக்கு மண்வெட்டி, தையல் இயந்திரம், மிதிவண்டி முதலியவை கொடுக்கப்பட்டன. வெட்டி நொறுக்கிய ஆயுதங்களிலிருந்து கலைஞர் சிற்பங்கள் செய்தனர். அவற்றுள் ஒன்றான ஆயுதங்களாலாகிய அரியணை இன்று லண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மண்வெட்டி நம்புலாவின் வயலில் தேய்ந்து மறைந்திருக்கும். அரியணை மட்டும் கண்ணாடிக்குள் பத்திரமாயிருக்கிறது. கொடையாளர் உலகம் எதைப் படம்பிடிக்கிறது, எதைப் படம்பிடிப்பதில்லை என்பதற்கு இதுவும் ஓர் அடையாளம் போலும்.

இனி முந்திரிக்கு வருவோம். 1970-களின் தொடக்கத்தில் உலகிலேயே மிகுதியாக முந்திரி விளைவித்த நாடு மொசாம்பிக். கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் தொழிற்சாலைகளும் அங்கே பெருகியிருந்தன. போர் இரண்டையும் நசுக்கிற்று. சமாதானத்தின்பின், 1994, 1995 ஆண்டுகளில் அரசு அத்தொழிற்சாலைகளைத் தனியாருக்கு விற்றது. வாங்கியோர் அவற்றைச் செப்பனிடத் தொடங்கிய வேளையில், உடைக்காத கொட்டையின் ஏற்றுமதிக்கு விதித்திருந்த தீர்வையைப் படிப்படியாகக் குறைத்து நீக்கவேண்டும் என்று உலக வங்கி நிபந்தனை விதித்தது. உழவருக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது வங்கியின் நியாயம். தீர்வை 20 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காடாக இறங்கியது. கொட்டை கப்பலேறிற்று, தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. 2001-க்குள் அத்தொழிலிலிருந்த ஏறத்தாழ பதினாயிரம் தொழிலாளரில் மிகப்பெரும்பாலோர் வேலையிழந்தனர். அவர்களுள் பெண்கள் பலர். மார்கரெட் மக்மில்லன், டேனி ரோட்ரிக், கேரன் வெல்ச் என்னும் பொருளியல் அறிஞர் மூவர் 2002-இல் இதனை ஆராய்ந்தனர். அவர்களுடைய கணக்கில், முந்திரி விளைவிக்கும் சராசரிக் குடும்பம் ஒன்றுக்குக் கிடைத்த ஆதாயம் ஆண்டுக்கு ஐந்து டாலர் முப்பது சென்ட். கட்டளையிட்டவர் எவரும் அதற்காக வேலையிழக்கவில்லை.

கப்பலேறிய கொட்டை எங்கே போயிற்று? இந்தியாவுக்கு வந்தது. கொல்லத்தைச் சூழ்ந்த முந்திரித் தொழில், ஆப்பிரிக்கக் கொட்டையை நெடுங்காலமாக நம்பி நடப்பது. அதன் கிளைகள் குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியெங்கும் பரந்துள்ளன. ‘அண்டி ஆபீசு’ என்று அங்கே சொல்வார்கள். நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில், 1990-களின் பிற்பகுதியில், விளவங்கோடு வட்டத்துச் சிற்றூர்ச் சபையொன்றில் உதவிப் போதகராயிருந்தோம். சபையின் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் அண்டி ஆபீசில் கொட்டை உடைப்பவர்கள். தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கிக் கருக்கிவிடும். சாம்பலைப் பூசிக்கொண்டு வேலை செய்வார்கள். ஆயினும் கறை போகாது. திருவிருந்தன்று அவர்கள் நீட்டும் உள்ளங்கைகளில் அப்பத்தை வைத்த நினைவு இன்றும் நமக்கு மாறவில்லை. வெள்ளை அப்பம், கரிய உள்ளங்கை. சிலர் வெட்கப்பட்டுக் கையை முந்தானையால் துடைத்துவிட்டு நீட்டுவர்.

ஓர் ஆண்டு தை மாதத்தில் மூதாட்டி ஒருவர் ஆராதனைக்கு முன் நம்மிடம் வந்து, ஸ்தோத்திரக் காணிக்கையாகப் பத்து ரூபாயைக் கொடுத்து, “கப்பலு வந்திருக்கு ஐயா. தோட்டண்டி நிறைய வந்தாச்சு. ஈஸ்டர் கழிஞ்சும் வேலை உண்டு. செபத்திலே சொல்லணும்” என்றார். சொன்னோம். பெயர் சொல்லி, கப்பலையும் சொல்லி, உரத்த குரலில் கர்த்தரைத் துதித்தோம். சபையார் ஆமென் என்றனர். அக்கப்பல் மொசாம்பிக்கிலிருந்து வந்ததோ தான்சானியாவிலிருந்து வந்ததோ அம்மூதாட்டிக்குத் தெரியாது; நாமும் கேட்கவில்லை. அது கிளம்பிய துறையில் வேறொரு சபையின் பெண்கள் அதே கறைபடிந்த கைகளோடு பூட்டிய கதவுக்கு வெளியே நின்றிருக்கலாம் என்பது நம் நினைவில் தோன்றவேயில்லை. இந்நூலைப் பின்னாளில் படித்தபோதுதான், நிதியத்தையும் வங்கியையும் தள்ளி நின்று கண்டித்தால் போதாது என்பது உறைத்தது. அப்பெண்களின் துதி பொய்யன்று. உலையில் அரிசி விழுந்தது மெய். ஆனால் அத்துதியை ஏறெடுத்த போதகருக்கு, மூதாட்டிக்கு இல்லாத ஒரு கடமை இருந்தது. விசாரித்திருக்க வேண்டும். பட்டம் பெற்றவர் நாமல்லவா?

வேதாகமத்தில் இப்பொருளுக்கு நேரானவை எஸ்றா, நெகேமியா நூல்கள். அழிந்த நகரை அயல் அரசின் பொருளுதவியோடு மீண்டும் கட்டிய கதை அவை. நம் சபைகளில் நெகேமியாவின்மேல் பிரசங்கம் எழும்போதெல்லாம் ஆலயக் கட்டட நிதிக்குக் காணிக்கைப் பட்டியல் பின்னே வருகிறது என்பது சபையார் அறிந்ததே. அலங்கம் கட்டியது பேசப்படும். ஐந்தாம் அதிகாரம் பேசப்படாது. அந்த அதிகாரத்தில் ஜனங்கள் தானியத்துக்காக வயலையும் திராட்சத்தோட்டத்தையும் அடகுவைத்து, ராஜாவுக்குரிய தீர்வை செலுத்தக் கடன்பட்டு, பிள்ளைகளை அடிமைகளாக்கும் நிலையில் கூக்குரலிடுகின்றனர். கட்டுமானம் நடந்துகொண்டிருக்கும்போதே, அதே மதிலின் நிழலில் இது நடக்கிறது. தானும் தன் சகோதரரும் கடன் கொடுத்திருப்பதை நெகேமியா அங்கேயே ஒப்புக்கொள்கிறார் என்பதை விரிவுரைகள் விரைந்து தாண்டிச் செல்கின்றன. பன்னிரண்டு ஆண்டுகள் தேசாதிபதிக்குரிய படியை வாங்காதிருந்தார் என்பதை மட்டும் மேற்கோள் காட்டுகிறோம்.

எஸ்றாவின் நான்காம் அதிகாரம் இன்னும் கூர்மையானது. கட்டுமானத்தை நிறுத்தும்படி ரெகூமும் சிம்சாயியும் அர்தசஷ்டா ராஜாவுக்கு எழுதும் விண்ணப்பத்தில் காட்டும் காரணம் என்ன? நகரம் கட்டித் தீர்ந்தால் வரியும் தீர்வையும் ராஜாவுக்கு வராது, கருவூலத்துக்கு நட்டம் நேரும் என்பதே. சமயப் பகை பின்னணியில் இருந்திருக்கலாம்; முன்னே வைக்கப்பட்டது வருவாய்க் கணக்கு. ஒரு கடிதம் போயிற்று, ஒரு கடிதம் வந்தது, வேலை நின்றது. தரியுவின் காலத்துக் கதைக்கு நடுவே, அவனுக்குப் பின் வந்த அர்தசஷ்டாவின் காலத்துக் கடிதத்தை நூலாசிரியர் ஏன் செருகினார் என்று வரலாற்றாய்வாளர் நெடுங்காலமாக வாதிக்கின்றனர். காலவரிசையைக் குலைத்தேனும் ஒரு வழக்கத்தைக் காட்ட அவர் விரும்பினார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆறாம் அதிகாரத்தில் தரியு மனமிரங்குகிறான். செலவெல்லாம் ராஜாவின் திரவியத்திலிருந்து கொடுக்கப்படட்டும் என்கிறான். நாம் ‘அல்லேலூயா’ சொல்லிக் கடந்துவிடுகிறோம். அத்திரவியம் எது என்பதை எட்டாம் வசனமே சொல்கிறது: நதிக்கு அப்புறத்தில் வசூலாகும் தீர்வை. எருசலேம் இருந்ததும் நதிக்கு அப்புறத்தில்தான். பேரரசின் தயவு என்று எழுதப்பட்ட கொடையில், அம்மாகாணத்து உழவரிடமே வாங்கிய காசு இருந்தது. மொசாம்பிக்குக்கும் இப்படியொரு முன்கதை உண்டு. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்குப் போன மொசாம்பிக் ஆடவரின் கூலியில் ஒரு பகுதியைப் போர்த்துக்கீசிய அரசு குறைந்த அரசாங்க விலையில் தங்கமாகப் பெற்று, சந்தை விலையில் விற்று, இடையாதாயத்தைத் தானே வைத்துக்கொண்டது. இதை அறிந்த பின்பு ஐரோப்பியரின் ‘கொடை’ என்னும் சொல்லைச் சற்று நிறுத்தியே உச்சரிக்க வேண்டியிருக்கிறது.

நூலின் பெருங்குறையை இனிச் சொல்லவேண்டும். வாஷிங்டனைப் பார்த்த கண் மப்புட்டோவை அவ்வளவு கூர்ந்து பார்க்கவில்லை. உள்நாட்டு ஆட்சியாளர் அதில் பெரும்பாலும் கை கட்டப்பட்டவராகவே தோன்றுகின்றனர். பின்னர் நடந்தவை அவ்வோவியத்தைக் கலைத்துவிட்டன. வீரர்களுக்கு மாதந்தோறும் காசோலை மாற்றிக்கொடுத்ததே ஒரு வங்கி, அது 1997-இல் தனியார்மயமாகி, சில ஆண்டுகளில் உள்ளிருந்தே சூறையாடப்பட்டு நொடித்தது. வேறொரு பெரிய வங்கியின் மோசடியைத் துருவிக்கொண்டிருந்த கார்லோஸ் கார்டோசோ என்னும் பத்திரிகையாளர் 2000 நவம்பர் 22-இல் மப்புட்டோ வீதியில் சுட்டுக்கொல்லப்பட்டார். தொலைநகல் வழியே தாம் வெளியிட்ட சிறு செய்தித்தாளில் முந்திரித் தொழிலாளருக்காகவும் வாதாடியவர் அவர். வங்கிக் கொள்ளையைப் பற்றி ஹன்லனே பின்னாளில் விரிவாக எழுதினார் என்பதை நேர்மையோடு குறிப்பிடுகிறோம்.

இதைவிடப் பெரியது 2013, 2014 ஆண்டுகளில் நடந்தது. மீன்பிடி, கடற்காவல் என்னும் பெயரில் மூன்று நிறுவனங்கள், நாடாளுமன்றம் அறியாத அரசு உத்தரவாதத்தின்மேல், ஐரோப்பிய வங்கிகளின் வழியே ஏறத்தாழ 200 கோடி டாலர் கடன் வாங்கின. 2016 ஏப்ரலில் மறைவு முழுதும் வெளிப்பட்டது. முன்னாள் நிதியமைச்சர் மானுவல் சாங் 2024-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். கடனை ஒளித்தவர் சிலர். கொடுத்து இலாபம் பார்த்தவர் சிலர். மறைவு வெளிப்பட்டவுடன் நாணய நிதியமும் கொடைநாடுகளும் அரசின் வரவுசெலவுக்கு நேரே தந்த உதவியை நிறுத்தின. நியாயமே என்போம். ஆயினும் நாணயம் சரிந்து விலை ஏறியபோது அதன் பாரத்தைச் சுமந்தது, அக்கடனைப்பற்றிக் கேள்வியேபடாத செவிலியரும் பள்ளி ஆசிரியரும். யாருக்கும் பதில் சொல்லாத கொடையாளரும், யாருக்கும் பதில் சொல்லாத ஆட்சியாளரும் ஒருவரையொருவர் பயிற்றுவித்தனர் என்றுதான் நாம் இதைப் புரிந்துகொள்கிறோம். தன் வரவுசெலவுத் திட்டத்தை ஆண்டாண்டாக முதலில் அயலாருக்குக் காட்டி ஒப்புதல் பெற்றுப் பழகிய அமைச்சருக்கு, அதைத் தன் ஜனத்திடம் மறைப்பது பெருங்குற்றமாகத் தோன்றாமற்போனதில் வியப்பென்ன?

இங்கே நம் வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். 1971-இல் கிழக்காப்பிரிக்கப் பிரெஸ்பிட்டேரியத் திருச்சபையின் பொதுச் செயலாளர் ஜான் காட்டு, மேல்நாட்டு மிஷனெரிகளையும் பணத்தையும் ஒரு காலத்துக்கு நிறுத்திவையுங்கள் என்று அவர்கள் மண்ணிலேயே நின்று கேட்டார். 1974-இல் லுசாக்காவில் கூடிய அனைத்தாப்பிரிக்கத் திருச்சபைகளின் மாநாடு அதனை விவாதித்தது. நம் நாட்டிலும் அந்நாள்களில் அப்பேச்சு எதிரொலித்தது, பின்னர் ஓய்ந்தது. ஓய்ந்த காரணத்தை ஆராயும் கட்டுரை ஒன்றை எம் மாணவர் எவராவது எழுதினால் மகிழ்வோம். நாம் பணிசெய்த ஓரிடத்தில், புயலுக்குப்பின் வீடுகட்ட வந்த அயல்நாட்டு நிதியில், வீட்டின் அளவும் சன்னலின் நிறமும்கூடக் கடல்கடந்து முடிவாயின. குடியிருக்கப் போகிறவரை ஒருமுறை கூட்டினோம், அதுவும் நன்றி கூறும் கூட்டத்திற்காக. அதை நடத்தியவரும் நாமே.

பவுல் எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய தருமப்பணத்தைக் குறித்து 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்களைப் பாடமாக வைக்கிறோம். உற்சாகமாய்க் கொடுத்தலைப் பற்றியே தேர்வுத்தாளில் கேள்வி வருகிறது. எட்டாம் அதிகாரத்தின் நடுப்பகுதியில் அவர் பேசுவது சமநிலையைப் பற்றி. கொடுப்பவர் இன்று கொடுப்பவர், நாளை பெறுபவர். அதன்பின் உடனே, பணத்தைக் கொண்டுசெல்லும் ஆளைச் சபைகளே தெரிந்துகொண்டதையும், எவரும் குறைகூற இடமின்றி அது நடக்கவேண்டுமென்பதையும் சொல்கிறார். தனக்கு அப்போஸ்தல அதிகாரம் உண்டென்று அவர் தாம் மட்டும் தனியே அதைச் சுமந்துகொண்டு போகவில்லை. கொடையின் இறையியலோடு கொடையின் நிர்வாகத்தையும் ஒரே அதிகாரத்தில் எழுதியவர் அவர். ரோமர் 15-இன் முடிவில் அவரே, அப்பணம் பரிசுத்தவான்களால் ஏற்றுக்கொள்ளப்பட வேண்டுமென்று ஜெபிக்கக் கேட்கிறார். பெறுபவர் மறுக்கவும் கூடும் என்று எண்ணிய கொடையாளர் ஒருவரை மொசாம்பிக்கின் கதையில் நாம் தேடிப்பார்த்தோம்.

முந்திரியின் கதை மூடிய தொழிற்சாலைகளோடு முடிந்துவிடவில்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். 1999-இல் மொசாம்பிக் நாடாளுமன்றம், வங்கியின் ஆலோசனைக்கு மாறாக, உடைக்காத கொட்டையின் ஏற்றுமதித் தீர்வையை 18 முதல் 22 விழுக்காடு வரை உயர்த்திச் சட்டம் இயற்றிற்று. பின்வந்த ஆண்டுகளில் நம்புலா மாநிலத்தில் சிறிய தொழிற்சாலைகள் எழும்பி, சில ஆயிரம் பேருக்கு மீண்டும் வேலை கிடைத்தது. அதற்கும் கொடையாளரின் துணை இருந்தது. ஆனால் முடிவெடுத்தது அந்நாட்டு மன்றம். குமரியின் அண்டி ஆபீசுகளில் வேலைநாள் அதனால் சில குறைந்திருக்கவும் கூடும். அன்று கப்பலுக்காகத் துதித்த நாம் இதற்காகவும் துதிப்போமா என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். அவள் தாயார் அத்தொழிலில் இருப்பவர். நாம் உடனே விடை சொல்லவில்லை. அடுத்த பருவத்தில் எஸ்றா 4 முதல் 6 வரையுள்ள அதிகாரங்களையும் இந்நூலையும் சேர்த்துப் படிக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். அவள் கேள்வியையே முதல் நாளின் பாடமாக வைத்துள்ளோம்.